பழைய லெப்டொப் பாடும், புதியது ஏன் ஊமை?

பத்து வருடம் பழசான லெப்டொப் ஒன்றில் லினக்ஸைப் போட்டுப் பாருங்கள். நிறுவி முடித்து முதல் தடவை திறக்கும்போதே பெரும்பாலும் பாட்டுக் கேட்கும். போன கிழமை பண்டாரவளைக் கடையில் பெட்டியோடு வாங்கிவந்த புத்தம் புதியதில் அதே லினக்ஸைப் போடுங்கள். திரை பளிச்சென்று வரலாம், வைஃபை பிடிக்கலாம், கேமராவில் முகம்கூடத் தெரியலாம். சத்தம் மட்டும் வராமல் போகலாம். ஒலி அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் ஸ்பீக்கரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘டம்மி அவுட்புட்’ என்று ஒரே ஒரு வரி நிற்கும். எல்லாப் புதுக் கணினியும் இப்படி இல்லை. ஆனால் இந்த ஊமைத்தனம் பிடிக்கிறபோது, அது பழையதை விட்டுவிட்டுப் புதியதைத்தான் தேடிப் பிடிக்கிறது. அதற்குக் காரணம் வாங்கியவரின் கெட்ட நேரம் அல்ல.

அப்புத்தளை மாதிரி ஓர் ஊரில் லினக்ஸுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் விலைப்பட்டியலைப் பார்க்காதவர்கள். 2022 மார்ச்சில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டது. இறக்குமதியாகும் லெப்டொப்பின் விலையும் அதோடு ஏறியது. அதற்கு முந்தைய வருடம்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்திருந்தது. அந்தச் சம்பளத்தில் பேர் போடும் வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு லெப்டொப் எடுத்துக் கொடுப்பதே பெரிய காரியம். விண்டோஸ் உரிமத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கச் சொன்னால் எங்கே போவது? ஆகவே இயங்குதளம் இல்லாத கணினியை வாங்கி, டியூஷன் சேரிடமோ கொழும்பில் வேலை செய்யும் மாமா மகனிடமோ கொடுத்து லினக்ஸ் போட்டுக்கொள்வது நல்ல யோசனைதான்.

அப்புறம்தான் “சேர், படம் வருது, சத்தம் மட்டும் வரமாட்டேங்குது” என்று போன் வரும்.

மலையில் இந்தக் குறை மற்ற இடங்களைவிடக் கூடுதலாக உறைக்கும். கொரோனாக் காலத்தில், 2021இல், இதே பதுளை மாவட்டத்து லுணுகலையில் பிள்ளைகள் சிக்னலுக்காகக் காட்டுக்குள் மரத்தின் மேல் கட்டிய பரணில் ஏறிப் படித்தது உலகச் செய்தியானது. சிக்னல் மெலிந்த இடத்தில் இணைய வகுப்பு நடக்கும்போது முதலில் படத்தைத்தான் நிறுத்துவோம், குரலை வைத்துக்கொள்வோம். குரலுக்கு அதிகம் வேண்டியதில்லை. 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் என்ற ஒலிச்சுருக்க முறையில் பேச்சு தெளிவாகக் கேட்க விநாடிக்கு 24 கிலோபிட் அளவு போதும். அப்படிச் சுருங்கி மலையேறி வந்த குரலைக் கணினி விரித்து, ஒரு விநாடியை 48,000 துண்டாக்கி, இரண்டு பக்க ஸ்பீக்கருக்குமாக விநாடிக்கு 15 இலட்சம் பிட்டுக்கு மேல் அனுப்புகிறது. அவ்வளவு தூரம் வந்த குரல் கடைசி அரையடியில் நின்றுபோவதுதான் நம் பிரச்சினை.

லயத்துப் பீலியில் தண்ணீர் நின்றால் யாரும் உடனே பீலியைக் கழற்றுவதில்லை. குழாய் வழியே மேலே நடந்து, எதுவரைக்கும் தண்ணீர் இருக்கிறது, எங்கிருந்து இல்லை என்று பார்ப்பார்கள். சத்தத்தையும் அப்படித் தேடலாம். லினக்ஸில் அதற்கு வசதி அதிகம். வழியில் ஒவ்வோர் இடத்திலும் நின்று என்ன நடக்கிறது என்று கேட்க முடியும்.

வழி இதுதான். உலாவியோ பாட்டுச் செயலியோ தன் ஒலியைப் பைப்வயர் என்ற நடுவரிடம் கொடுக்கிறது. ஒரே நேரத்தில் பல செயலிகள் பேசினால் கலந்து கொடுப்பதும், எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவெடுப்பதும் அதன் வேலை. ரெட் ஹெட் நிறுவனத்தின் விம் தாய்மன்ஸ் எழுதியது. 2021இல் ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் பதிப்பு இதை இயல்பாக ஏற்றது, பிறகு உபுண்டுவும் மற்றவையும் பின்தொடர்ந்தன. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது லெனார்ட் பொட்டரிங்கின் பல்ஸ்ஓடியோ. அது புதிதாக வந்த காலத்தில் லினக்ஸ்காரர்கள் அதைத் திட்டிய திட்டுக்கு அளவில்லை. பாதி வசவு கீழே இருந்து வன்பொருளை ஓட்டும் இயக்கிகளுக்குப் போயிருக்க வேண்டியது. பைப்வயருக்குக் கீழே, லினக்ஸின் கருவான கெர்னலுக்குள், ஆல்சா. செக் நாட்டு யாரோஸ்லாவ் கைசெலா 1990களின் இறுதியில் தொடங்கி வைத்த இது, 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலோடு லினக்ஸின் அதிகாரபூர்வ ஒலி அமைப்பானது. அதற்கும் கீழே ஒலிச் சில்லு, பெருக்கி, கடைசியாக ஸ்பீக்கரின் செப்புச் சுருளும் கூம்பும்.

மேல்தட்டில் இருக்கும் கோளாறுகளை நீட்டி முழக்கத் தேவையில்லை. சில கணினிகள் எச்டிஎம்ஐ வழியைத்தான் முதன்மை வெளியீடாக எடுத்துக்கொள்ளும். அந்த முனையில் தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் ஒலி அங்கேதான் போய்க்கொண்டிருக்கும். அமைப்புகளில் ஸ்பீக்கரைத் தெரிவு செய்தால் முடிந்தது. இன்னும் சிலவற்றில் ஆல்சாவின் மட்டத்திலேயே ஒலி அடைக்கப்பட்டிருக்கும். மேலேயுள்ள ஒலிப்பட்டை நூறு சதவீதம் காட்டினாலும் கீழே கதவு பூட்டியிருந்தால் பயனில்லை. முனையத்தில் ஆல்சாமிக்ஸர் என்று தட்டி, எஃப்6 விசையால் சரியான சில்லைத் தேர்ந்து, ‘எம்எம்’ என்று அடியில் எழுதியிருக்கும் தூணில் நின்று எம் விசையை ஒரு முறை அழுத்தினால் திறக்கும். ஹெட்போன் துவாரம் மூன்றாவது சந்தேக நபர். உள்ளே செருகி இருக்கிறதா என்று சில்லு மின்தடையை வைத்துக் கண்டுபிடிக்கிறது; இருப்பதாக நினைத்தால் ஸ்பீக்கரைத் தானே அடைத்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல், பாதி நாள் மூடுபனி வீட்டுக்குள் வந்து போகும் ஊரில் ஈரமும் தூசும் அந்தத் தொடுமுனைகளைக் குழப்பலாம். ஹெட்போனை இரண்டு மூன்று தடவை செருகி எடுத்துப் பார்ப்பதில் செலவு ஒன்றுமில்லை.

ஆனால் ‘டம்மி அவுட்புட்’ என்று வந்தால் கதை வேறு. அது அடைபட்ட ஒலி அல்ல. கெர்னலுக்கு ஒலிச் சில்லே கைக்கு வரவில்லை, கொடுக்க எதுவும் இல்லாததால் பைப்வயர் ஒரு பொய்யான வெளியீட்டைக் காட்டிச் செயலிகளைச் சமாதானப்படுத்துகிறது என்று பொருள். புதுக் கணினியின் நோய் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

பழையது ஏன் பாடியது என்று முதலில் பார்ப்போம். இன்டெல் 2004இல் ஹை டெபினிஷன் ஓடியோ என்ற தரத்தை வெளியிட்டது. எந்த நிறுவனத்தின் சில்லாக இருந்தாலும் கெர்னலோடு ஒரே முறையில் பேச வேண்டும் என்பது அதன் சாரம். அதனால் லினக்ஸில் ஒரே ஓர் இயக்கி பல கோடிக் கணினிகளுக்குப் போதுமாயிருந்தது. அந்த இயக்கிக்கு இன்று இருபது வருட அனுபவம். எந்த மாதிரியில் எந்தக் கோணல் என்று அதற்குத் தெரியும்.

புதிய லெப்டொப்பில் அந்த எளிய ஏற்பாடு கலைந்துவிட்டது. மெலிந்த உடம்பு, நீண்ட பட்டரி, வகுப்பில் பேசும்போது பக்கத்து இரைச்சலை வடிகட்டும் மைக் என்று நாம் கேட்ட வசதிகளுக்காக, ப்ரொசெஸருக்குள்ளேயே ஒலிக்கென்று ஒரு சிறிய தனிக் கணினியை வைத்தார்கள். பெரிய ப்ரொசெஸர் தூங்கினாலும் இது விழித்திருக்கும். குறைந்த மின்சாரத்தில் பாட்டை ஓட்டும், மைக்கைக் கவனிக்கும். கணினி என்றால் அதற்கும் ஒரு நிரல் வேண்டும் அல்லவா? ஒவ்வொரு முறை கணினியைத் திறக்கும்போதும் அந்த நிரலை, அதாவது ஃபர்ம்வேரை, லினக்ஸ் வட்டிலிருந்து எடுத்து அதற்குள் ஏற்ற வேண்டும். கோப்பு வட்டில் இல்லையென்றால் ஒலிக்கணினி வெறும் சிலிக்கன்.

இதில் வேடிக்கையான பலிகடா ஸ்பீக்கர். பல மாதிரிகளில் ஸ்பீக்கரை ஓட்டப் பழைய இயக்கியே போதும். ஆனால் டிஜிட்டல் மைக் அந்தச் சிறு கணினியோடு இணைந்திருப்பதைக் கெர்னல் கண்டால், பழைய இயக்கியை ஒதுக்கிவிட்டு, எஸ்ஓஎஃப் எனப்படும் சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர் இயக்கியைக் கூப்பிடும். அது ஃபர்ம்வேரைத் தேடும், கிடைக்காது, மொத்த ஒலியையும் கைவிட்டுவிடும். மைக்குக்காக வந்தவர் ஸ்பீக்கரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நல்லவேளையாகக் கெர்னல் இதை மறைப்பதில்லை. டிமெசேஜ் என்ற கட்டளையைக் கொடுத்து அதில் எஸ்ஓஎஃப்பைக் குறிக்கும் ‘சோஃப்’ என்ற சொல் வரும் வரிகளைத் தேடினால், ஃபர்ம்வேர் கோப்பு காணவில்லை, இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கலாம் என்று அது தானாகவே எழுதி வைத்திருக்கும். இவ்வளவு வெளிப்படையாகத் தன் குறையைச் சொல்லும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, நாம் லினக்ஸையே மூன்று முறை திரும்பத் திரும்ப நிறுவுகிறோம். டெபியனில் ‘ஃபர்ம்வேர் சோஃப் சைன்ட்’, ஃபெடோராவில் ‘ஆல்சா சோஃப் ஃபர்ம்வேர்’, ஆர்ச்சில் ‘சோஃப் ஃபர்ம்வேர்’ என்ற பொதியை நிறுவிக் கணினியை அணைத்துத் திறந்தால் பல வீடுகளில் பிரச்சினை அத்தோடு தீரும். வைஃபை இல்லாத வீடென்றால் போனை யூஎஸ்பி கம்பியால் செருகி அதன் டேட்டாவைக் கணினிக்குப் பகிரலாம்.

அந்தக் கோப்பு ஏன் முதலிலேயே இல்லை என்பதற்குப் பின்னால் ஒரு கொள்கைச் சண்டை இருக்கிறது. எஸ்ஓஎஃப் திட்டத்தை இன்டெல் 2018இல் திறந்த மூலமாக அறிவித்தது. நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் கடையில் கிடைக்கும் பெரும்பாலான இன்டெல் லெப்டொப்புகள் இன்டெல்லின் மறைகுறிக் கையொப்பம் உள்ள பிரதியை மட்டுமே ஏற்கும். திருத்தினால் கையொப்பம் செல்லாது. சமையல் குறிப்பைக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பூட்டிய கதை இது என்று கோபப்படுபவர்கள் பக்கம்தான் நானும். மூலநிரல் சுதந்திரத்தில் கறாரான டெபியன், இத்தகைய கோப்புகளைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் நெடுங்காலம் சேர்க்கவில்லை. 2022 ஒக்டோபரில் உறுப்பினர்கள் வாக்களித்து மனம் மாறினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நிறுவியிலேயே ஃபர்ம்வேர் இருக்கிறது. கைவசமுள்ள பென்டிரைவில் இருப்பது அதற்கு முந்தைய பதிப்பென்றால் ஊமைத்தனத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

உடனடியாக வகுப்பு இருக்கிறது, இறக்க வழியில்லை என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. கெர்னலின் ஒலித் தெரிவுகளில் ‘டிஎஸ்பி டிரைவர்’ என்பதற்கு 1 என்று கொடுத்தால், அது பழைய இயக்கியையே பயன்படுத்தும். பல மாதிரிகளில் ஸ்பீக்கர் திரும்ப வரும், டிஜிட்டல் மைக் போய்விடும். சேர் சொல்வது கேட்கும், சேர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. சில மாணவர்கள் இதை நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்ளக்கூடும்.

ஃபர்ம்வேர் இருந்தும் சத்தம் வராவிட்டால் தேதிகளைப் பாருங்கள். டெபியன் 12இன் கெர்னல் 6.1, அது வெளிவந்தது 2022 டிசம்பரில். இன்டெல்லின் லூனார் லேக் ப்ரொசெஸர்கள் 2024 செப்டெம்பரில் வந்தவை. பிறக்காத பிள்ளைக்குப் பெயர்ப்பதிவு இருக்காது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13, 6.12 கெர்னலோடு வந்தது. அதற்கு இவற்றைப் பற்றித் தெரியும். நீண்டகால ஆதரவுப் பதிப்புதான் பத்திரமானது என்று எல்லோரும் சொல்வார்கள். பழைய கணினிக்கு அது சரி. கடையில் போன மாதம் இறங்கிய மாதிரிக்கு மிகப் புதிய ஃபெடோராவோ அண்மைய உபுண்டுவோதான் பத்திரம். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பதால், காசு கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஐந்து நிமிடம் சத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது என் கருத்தில் எல்லா வைத்தியத்தையும்விட மேல். முதலாளி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஒரு நோய்க்குறி தனியாகக் கவனிக்கத் தக்கது: ஹெட்போனில் கேட்கிறது, ஸ்பீக்கரில் கேட்கவில்லை. அப்படியென்றால் பைப்வயர், ஆல்சா, சில்லு எல்லாம் நலம். குறை பெரும்பாலும் பெருக்கியில். மெல்லிய லெப்டொப்பில் தீப்பெட்டியளவு ஸ்பீக்கரிலிருந்து கனமான ஓசை எடுக்க வேண்டுமானால் அதை அதன் எல்லை வரை விரட்ட வேண்டும். கொஞ்சம் மீறினால் சுருள் சூடேறிக் கருகும், கூம்பு கிழியும். ஆகவே சிரஸ் லொஜிக், டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் புத்தியுள்ள பெருக்கிகளைச் செய்கின்றன. சுருளில் ஓடும் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் அளந்து, அது எவ்வளவு சூடாகியிருக்கிறது, கூம்பு எவ்வளவு தூரம் அசைகிறது என்று கணக்கிட்டு, ஆபத்து வருவதற்கு முன் அடக்குவது அவற்றின் வேலை. அந்தக் கணக்குக்கு அந்தந்த மாதிரி ஸ்பீக்கருக்கான அளவீட்டுக் கோப்பு வேண்டும். எந்தப் பெருக்கி இடம், எது வலம், எந்தக் கம்பியால் அதை எழுப்புவது என்ற விவரத்தைக் கணினியின் அடிப்படை நிரலான பயாஸ் சொல்ல வேண்டும். உற்பத்தியாளர்கள் விண்டோஸில் சோதித்து, அங்கே பாடினால் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். விண்டோஸுக்கான தங்கள் இயக்கியில் எழுதிவிட்ட விவரத்தைச் சிலர் பயாஸில் எழுதுவதே இல்லை. அப்படி விடுபட்ட மாதிரிகளுக்கான விவரங்களை இப்போது கெர்னலுக்குள்ளேயே ஒரு பட்டியலாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஸ்பீக்கர் கருகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அப்பிள் கணினிகள் சாட்சி. அப்பிளின் எம் வரிசை லெப்டொப்புகளில் லினக்ஸை ஓட்டும் அசாஹி லினக்ஸ் குழுவினர், ஸ்பீக்கரை ஓட்டத் தெரிந்த பிறகும் அதை வேண்டுமென்றே அடைத்தே வைத்திருந்தார்கள். சூட்டைக் கணக்கிட்டுக் காவல் காக்கும் ஒரு நிரலைத் தாங்களே எழுதிச் சோதித்து முடித்த பிறகுதான், 2024 ஜனவரியில் ஸ்பீக்கர் வசதி வந்துவிட்டதாக விரிவாக அறிவித்தார்கள். ஊமையாக இருப்பது, கருகிப் போவதைவிட மேல் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே இணையத்தில் எங்கோ கண்ட கட்டளையைப் பெருக்கியின் மேல் பிரயோகித்துப் பார்ப்பதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

பார்வையற்ற ஒருவருக்கு இந்தச் சிக்கல் வேறு வகையில் கொடுமையானது. லினக்ஸில் ஓர்கா என்ற திரைவாசிப்பானும், தமிழையும் பேசத் தெரிந்த ஈஸ்பீக் என்ஜியும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மேலே சொன்ன அத்தனை சோதனைகளையும் செய்ய முதலில் திரை பேச வேண்டும். சத்தம் வராததைச் சரிசெய்யச் சத்தம் வேண்டும். நிறுவித் தருபவர் ஒலி வரும் வரை வேலை முடியவில்லை என்று கருதுவதே அங்கே நியாயம்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் வரவில்லை. விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினி என்றால் மறுதொடக்கத்தை நம்பாமல் முழுதாக அணைத்துத் திறந்து பாருங்கள். விண்டோஸ் விட்டுச்சென்ற நிலையிலேயே சில சில்லுகள் மயங்கிக் கிடப்பதுண்டு. அதற்கும் அசையாவிட்டால், உங்கள் மாதிரியைக் கெர்னலுக்கு இன்னும் யாரும் அறிமுகப்படுத்தவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ரியல்டெக் சில்லுகளுக்கான இயக்கியின் மூலநிரலைத் திறந்து பார்த்தால் ஒரு நீண்ட அட்டவணை தெரியும். ஒவ்வொரு வரியிலும் ஒரு லெப்டொப் மாதிரியின் அடையாள எண், அதன் பெயர், அதற்கான திருத்தம். எந்த முனை ஸ்பீக்கருக்குப் போகிறது என்று பயாஸ் தப்பாகச் சொல்லியிருக்கும் கணினிகளுக்கு இந்த அட்டவணைதான் சரியான வழியைச் சொல்கிறது. லினக்ஸின் ஒலிப் பகுதியைப் பல வருடங்களாகப் பராமரிக்கும் சூசே நிறுவனத்தின் தகாஷி இவாய் இந்த வரிகளைச் சரிபார்த்துச் சேர்க்கிறார். அவற்றில் கணிசமானவை, தன் லெப்டொப்பில் சத்தம் வரவில்லை என்று எங்கோ ஒருவர் எழுதியதால் வந்தவை. எழுதுவதற்குப் பெரிய கல்வி தேவையில்லை. ஆல்சா இன்ஃபோ என்ற சிறு நிரலை ஓட்டினால் சில்லின் பெயர், அடையாள எண், முனைகளின் நிலை எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கித் தரும். அதோடு ஹெட்போனில் கேட்கிறதா, விண்டோஸில் கேட்கிறதா என்ற இரண்டு விவரம் சேர்த்தால் போதும். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்திருக்கும் பிள்ளைக்கு, பாடப்புத்தகத்தில் இயங்குதளம் பற்றி வரும் பக்கங்களைவிட இந்த ஒரு கோப்பைப் படித்துப் பார்ப்பது பயனுள்ளது என்பேன்.

வரி சேர்ந்து, புதிய கெர்னலாகி, நமது கணினிக்கு வந்துசேர வாரங்கள் ஆகலாம். அதுவரைக்கும் வகுப்பு நிற்காமல் இருக்க யூஎஸ்பி ஒலிக்கட்டை ஒன்று போதும். யூஎஸ்பி ஒலிக்கான பொதுத் தரம் 1998இலேயே வந்துவிட்டது. அதைப் பின்பற்றும் மலிவான கட்டைகூடச் செருகியவுடனே பேசும். ஃபர்ம்வேரைத் தேடாது, பயாஸிடம் எதையும் கேட்காது. போவது ஒரு யூஎஸ்பி துவாரம் மட்டும்தான்.